பால் கசிந்த வண்டி

பண்ணைக்கோம்பை ஓடைக்கரைத் தெருவின் கடைசி வீட்டில் குடியிருந்த வனராஜின் வாடகைக் கார் பால் சுரக்க ஆரம்பித்தது அவனுடைய பிள்ளையை ஓடைக்கு அந்தப்பக்கம் புதைத்துவிட்டு வந்த மறுநாள் விடியலில்தான். அதை முதலில் கண்டுகொண்டவை தெருப் பூனைகள். பூனைகள் வரிசையாக உட்கார்ந்து எதை நக்குகின்றன என்று விளக்குமாற்றோடு குனிந்து பார்த்த தெருக்கூட்டும் முத்துப்பேச்சி, முன் சக்கரத்துக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த வெள்ளையை ஒரு விரலால் தொட்டு முகர்ந்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, கதவைத் தட்டி, "தம்பி, ஒன் வண்டில பால் ஒழுகுது" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு வாசலைக் கூட்டப் போய்விட்டாள்.

வனராஜ் எழுந்து வந்து பானட்டைத் திறந்தான். ஸ்டியரிங் ஆயில் ஊற்றுகிற சின்ன டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. சிவப்பாக இருக்கவேண்டியது வெள்ளையாக இருந்தது, அதற்குக் கீழே ஸ்டியரிங் பம்பின் உடம்பெல்லாம் துளித்துளியாக அதே வெள்ளை வேர்த்து நின்றது. அவன் முகர்ந்து பார்த்தான். பசும்பால் வாடை இல்லை, எருமைப்பால் வாடையும் இல்லை, அவன் மனைவி நாகஜோதியின் ரவிக்கையில் ஒரு மாதமாக அடித்துக்கொண்டிருந்த அதே வாடை. பானட்டை மெதுவாக மூடிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

நாகஜோதி தலைப்பிரசவத்துக்கு மலைக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட் லயத்துக் குடியிருப்பில் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெண்குழந்தை. பெயர் வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவரைக்கும் பாப்பா. அந்தப் பாப்பாவுக்கு ஒரு சாயங்காலம் மூச்சு வாங்கியது, உதடு நீலம் பூத்தது என்று போன் வந்ததும் வனராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு மேலே பறந்தான், ஏறும்போது வண்டியில் ஒரு முனகல்கூட இல்லை, சக்கரம் சொன்னபடி கேட்டது. தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது முதல் பெரிய வளைவில் ஸ்டியரிங் கல்லாகிப் போனது. பவர் ஸ்டியரிங் பம்பு செத்துப்போன வண்டி ஓடும், நிற்கும், ஹார்ன் அடிக்கும், திரும்பமட்டும் திரும்பாது, பல்லைக் கடித்துக்கொண்டு முழு உடம்பையும் போட்டு இழுத்தால்தான் சக்கரம் ஒரு சாண் அசையும். அந்த மலையில் திருப்பம்தானே பாதை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவன் முன்னுக்கு வந்து, பின்னுக்குப் போய், மறுபடி முன்னுக்கு வந்து, பள்ளத்தின் விளிம்பில் டயர் கல் தட்ட, தோள்பட்டை பிய்ந்து வர, வண்டியை ஒடித்து ஒடித்து இறக்கினான். பாதி மலையில் நாகஜோதி, "மெதுவாவே போங்க மாமா, இனி அவசரமில்ல" என்றாள்.

ஊருக்கு வந்ததும், பால் கட்டிக்கொண்டு தாய்க்குக் காய்ச்சல் கண்டுவிடக் கூடாதே என்று தெருப்பெண்கள் மல்லிகைப்பூவும் வெள்ளைத்துணியும் எடுத்துக்கொண்டு மார்பில் வைத்துக் கட்ட வந்தார்கள். கட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. முந்தின நாள்வரைக்கும் பாறையாய்க் கனத்துக் கிடந்த மார்பு கன்னிப்பெண்ணுடையது போல வற்றிக் கிடந்தது. பூவைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் விடியலில்தான் முத்துப்பேச்சி வந்து கதவைத் தட்டியது.

அந்தப் பாலை முதன்முதலில் ஒரு குழந்தைக்குக் கொடுத்தவள் பக்கத்து வீட்டுச் சம்சுநிசா. அவளுக்கு மாதம் நிறையாமல் பிறந்த ஆண்பிள்ளை, ஒரு கை அகலத்துக்குத்தான் இருக்கும், அவளுக்குப் பால் இறங்கவே இல்லை, பவுடரும் பாக்கெட் பாலும் எதைக் கொடுத்தாலும் வாந்தி. அவள் யாரிடமும் கேட்கவில்லை. பால் புகட்டும் பாலாடையை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றி வந்து, வண்டிக்கடியில் ஒருக்களித்துப் படுத்து, சொட்டுச் சொட்டாகப் பிடித்து, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து பிள்ளையின் வாயில் சாய்த்தாள். பிள்ளை குடித்தது. ஓங்கரிக்கவில்லை. பிறந்ததிலிருந்து முதன்முறையாக வயிறு நிறைந்த பிள்ளை எப்படித் தூங்குமோ அப்படித் தூங்கியது. நிமிர்ந்து பார்த்த சம்சு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நாகஜோதியைக் கண்டு பதறி எழுந்தாள்.

"அக்கா, கேக்காம எடுத்துட்டேங்க்கா."

"நல்லா குடிச்சானா?" என்று மட்டும் நாகஜோதி கேட்டாள்.

அதற்குப் பிறகு ஊர் அந்த அதிசயத்தை, புதிதாகப் போட்ட குழாயடியை எடுத்துக்கொள்வது போல எடுத்துக்கொண்டது. எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்துப் பிடித்தால் பால் நூலாக இறங்குகிறது, வலப்பக்கம் ஒடித்தால் கொஞ்சம் கெட்டியாக இறங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். எஞ்சின் ஓட டீசல் வேண்டுமே என்று வீட்டுக்கு ஒரு பாட்டிலில் டீசல் கொண்டுவந்தார்கள். வனராஜ் காலையில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகுவான், தாய்மார்கள் செருப்பை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வரிசையில் நிற்பார்கள், வயதில் சின்னப் பிள்ளைக்கு முதல் பால், பல் முளைத்த பிள்ளைக்குக் கடைசியில். பால் சொசைட்டி ஒச்சப்பன் தன் கருவியை முக்கிப் பார்த்து, இந்தத் தாலுகாவில் எந்த மாட்டுக்கும் இந்தக் கொழுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டுத் தன் பேத்திக்கு ஒரு தம்ளர் வாங்கிக்கொண்டு போனார். கோவில் கமிட்டிப் பெருமாயன் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்கு ஒரு சொம்பு என்று சொல்லிவைத்தார். டீக்கடைக்காரர் ஆசைப்பட்டுக் கேட்டபோதுமட்டும் பெண்கள் சேர்ந்து, "ஒனக்குத் தாய் இல்லையா?" என்று விரட்டினார்கள். ஆனாலும் வயிற்றுப்புண் என்று வந்த பெரியவருக்குக் கொடுத்தார்கள், அப்புறம் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு, அப்புறம் வெளியூரிலிருந்து வந்த சம்பந்திக்கு, இப்படி அது யார்யாருக்கோ போனது.

முதல் வாரத்தில் பாத்திரத்தோடு வந்தவர்கள் பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், நாகஜோதியின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரத்தில் பாலுக்கு மட்டும் வந்தார்கள். அதற்கும் அடுத்த வாரத்தில், "என்னப்பா இன்னைக்கு லேட்டு?" என்றும், "நேத்துத் தண்ணியா இருந்துச்சே, ஆயில ஒழுங்காப் பாத்தியா?" என்றும் கேட்டார்கள். வனராஜ் ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வண்டி சவாரிக்குப் போகவில்லை. அது இனி வண்டி இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவனுக்கும்.

நாகஜோதி அழவில்லை. பால் பிடிக்கும் நேரத்தில் ஜன்னலில் நின்று, குடிக்கிற பிள்ளைகளின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க இளைத்தாள். வளையல் முழங்கைவரைக்கும் ஏறியது, அப்புறம் கையைத் தொங்கவிட்டால் கழன்று விழுந்தது, தாலிக்கயிறு எலும்பின்மேல் கிடந்தது, வெயிலில் நின்றால் அவள் நிழலைவிட ஜன்னல் கம்பியின் நிழல் அழுத்தமாக விழுந்தது. வனராஜ் அவளைத் தேனியில் டாக்டரிடம் கூட்டிப்போனான். ரத்தத்தில் ஒன்றும் குறையில்லை, மனசு தேறினால் உடம்பு தேறும் என்று டானிக் எழுதிக்கொடுத்தார்.

ஒரு காலை, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கும்போது வனராஜின் கண் தற்செயலாக ஜன்னலுக்குப் போனது. நாகஜோதி மார்பைக் கையால் அழுத்திக்கொண்டு முன்னுக்குக் குனிந்தாள். அவன் ஸ்டியரிங்கை நேராக்கினான். அவள் நிமிர்ந்தாள். வலப்பக்கம் ஒடித்தான். இன்னும் ஆழமாகக் குனிந்தாள், நெற்றி கம்பியில் முட்டியது. வரிசையில் நின்றவள் ஒருத்தி, "ஏண்ணே பிடிச்சுப் பிடிச்சு விடுறீக, பால் தெறிக்குதுல்ல" என்றாள். அவன் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே போனான்.

"ஒனக்கு வலிக்குதா, ஜோதி?"

"வலிக்கல. இழுக்குது."

"எப்பருந்து?"

"மொத நாள்ல இருந்து."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நிப்பாட்டிருவீகள்ல."

அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான், பிடிக்க அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. "இப்படியே போனா நீ இல்லாமப் போயிருவ."

"போனா என்ன?" என்றாள், சோறு கொஞ்சம் குழைந்தால் என்ன என்று கேட்பது போல. "அவளுக்குன்னு ஊறினது மாமா. மண்ணுக்குள்ள போயி அவளுக்குக் குடுக்க முடியாது. யாரோ ஒரு வாய் குடிக்குதுல்ல. அது நின்னுபோச்சுன்னா அவ வந்துட்டுப் போனதுக்கு இங்க என்ன இருக்கு?"

மறுநாள் வனராஜ் வண்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டான். எஞ்சின் ஓடாவிட்டால் இழுக்காது என்று நினைத்தான். பால் நிற்கவில்லை, பானட் இடுக்கிலும் சக்கர மறைவிலும் வழிந்து, தெருவில் ஓடி, சாக்கடையில் கலந்தது, பூனைகள்கூட அலுத்துப்போய் விலகிப் படுத்தன, வீட்டுக்குள் நாகஜோதி பாயிலிருந்து தலையைத் தூக்கமுடியாமல் கிடந்தாள். வீணாகப் போகிற பாலைப் பார்த்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு தெரு கத்தியது. சாயங்காலம் அவனே பூட்டைத் திறந்தான். பம்பைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அன்றைக்கு முடிவுசெய்தான்.

மதுரைக்குப் போய்ப் புதுப் பம்பும் பெல்ட்டும் ஒரு டப்பா சிவப்பு ஆயிலும் வாங்கி மஞ்சள் பையில் போட்டு பஸ்ஸில் திரும்பி வந்தான். அவன் இறங்குவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. வீட்டு வாசலில் தெருவே நின்றது.

பெருமாயன்தான் முதலில் பேசினார். "ஏப்பா, தெய்வமாப் பாத்துக் குடுத்தத ஸ்பேனரப் போட்டுக் கழட்டப் போறியா?"

"தெய்வம் குடுக்கலண்ணே. என் வீட்டுக்காரி குடுக்கிறா. அவ உடம்புல இனி ஒண்ணுமில்ல."

கூட்டத்தில் பாதிப்பேருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது, கண்ணால் பார்த்திருந்தார்கள், பார்த்ததைப் பார்க்காததாக வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒச்சப்பன் தொண்டையைச் செருமினார்.

"சத்து ஊசி போடலாம், பழம் வாங்கிக் குடுக்கலாம், தெருவே பாத்துக்கும் தம்பி. ஆனா இத்தன புள்ளைக இத நம்பிக் கெடக்கு. ஒருத்திக்காக..."

"எனக்கு ஒருத்திதான்" என்றான் வனராஜ்.

சம்சு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தோளில் கிடந்த பிள்ளை இப்போது கன்னம் வைத்து, கை முட்டியில் மடிப்பு விழுந்து, ஊரில் மற்ற பிள்ளைகளைப் போல ஆகியிருந்தது. "அண்ணே, மத்தவகள விடுங்க. இவனுக்கு வேற எதுவும் சேராதுண்ணே. சோறு ஊட்டுற வரைக்கும். அதுவரைக்கும் பொறுத்துக்கங்க. ஒங்க கால்ல விழுறேன்."

வனராஜ் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான், அதன் கன்னத்தில் இருப்பது யாருடைய சதை என்று அவனுக்குத் தெரியும். அவளைச் சுற்றிக்கொண்டு போய் முன் சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்தான்.

மறிப்பதற்கு யாரும் வரவில்லை. ஒரு கை உதவிக்கும் யாரும் வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்று, அறுவைச் சிகிச்சையைப் பார்ப்பவர்கள் போலப் பார்த்தார்கள். அவன் பேட்டரி வயரைக் கழற்றினான், பெல்ட்டைத் தளர்த்தி உருவினான், ஹோஸ் நட் துருப்பிடித்து இறுகியிருந்தது, மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்து ஸ்பேனரில் உடம்பைச் சாய்த்துத் திருகினான். நட் கிறீச்சிட்டு நெகிழ்ந்தபோது பால் பீய்ச்சவில்லை, நிதானமாக, சூடாக அவன் முழங்கையில் வழிந்து இறங்கியது. சம்சு ஓடிவந்து கடைசிச் சொட்டுவரைக்கும் குண்டானில் ஏந்தினாள், அவன் தடுக்கவில்லை. கடைசி போல்ட் கழன்றதும் பம்பு கைக்குள் வந்து விழுந்தது, வெந்நீரில் குளிப்பாட்டி எடுத்த பிள்ளையின் சூடு அதில் இருந்தது, கனமும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது. அவன் அதைக் கீழே வைக்கத் தெரியாமல் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டு நின்றான். பெருமாயன் தோளில் கிடந்த துண்டை விரித்து நீட்டினார், அதில் வைத்தான். கோவிலுக்கு எடுத்துப்போய் மஞ்சள் பூசிவைத்தார்கள். அது சூடு ஆறி வெறும் இரும்பாகக் கிடந்தது.

வீட்டுக்குள்ளிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.

புதுப் பம்பை உட்காரவைத்து அவன் போல்ட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தபோது குண்டானில் இருந்தது தீர்ந்து, சம்சுவின் பிள்ளை பசியில் வீறிட்டது. வீறிடும் பிள்ளையோடு சம்சு வீட்டுக்குள் போனாள், அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் போனார்கள். வனராஜ் ஜன்னல் வழியாகப் பார்த்தான். நாகஜோதியைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்து, பிள்ளையை அவள் மடியில் வைத்து, வாயை மார்பில் பொருத்தினார்கள். வண்டியிலிருந்து நின்றது வந்த இடத்துக்கே திரும்பியிருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள், நாகஜோதியும் நம்பினாள், வனராஜும் ஸ்பேனரைப் பிடித்த கையோடு நம்பினான். பிள்ளை கவ்விக்கொண்டது, இழுத்தது, விட்டுவிட்டு அழுதது, மறுபடி கவ்விக்கொண்டது. நாகஜோதி அதன் தலையைத் தாங்கிக்கொண்டு, ஒரு கையால் பிசைந்து பிசைந்து, "வருது சாமி, வருது, இன்னும் கொஞ்சம் இழு" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் வரவில்லை. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. சம்சு அதை வாங்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினாள்.

சுவருக்கு அந்தப்பக்கம் அழுகை வெகுநேரம் கேட்டது. பாக்கெட் பாலைக் காய்ச்சுகிற வாடை வந்தது. பிறகு அழுகை விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு கேட்கவில்லை. "குடிச்சிட்டான், வயித்துல நிக்குது" என்று அங்கே யாரோ சொன்னார்கள். ஊரிலேயே அந்தப் பாலை முதலில் மறந்தது அந்தப் பிள்ளைதான். வாசலில் நின்றவர்களும், தம்ளர்களையும் சொம்புகளையும் இடுக்கிக்கொண்டு, இரண்டிரண்டு பேராகக் கலைந்தார்கள். போகும்போது, மளிகைக்கடையில் பவுடர் டப்பா வந்திருக்கிறதா என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டாள்.

வனராஜ் ஹோஸ்களை மாட்டி, பெல்ட்டைப் போட்டு இறுக்கி, பேட்டரி வயரைப் பொருத்தி, டப்பாவில் சிவப்பு ஆயிலை ஊற்றினான். இனி ஏர் எடுக்கவேண்டும். உள்ளே அடைபட்ட காற்று போனால்தான் ஸ்டியரிங் கேட்கும், அதற்கு ஒரு ஆள் சீட்டில் உட்கார்ந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பவேண்டும், ஒரு ஆள் குமிழி அடங்குகிறதா என்று பார்த்து ஆயில் ஊற்றவேண்டும். அவன் தெருவைப் பார்த்தான். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது.

கார்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நாகஜோதி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கைக் கொக்கிகளை இன்னும் போட்டிருக்கவில்லை, முந்தானையை இழுத்து மூடியிருந்தாள்.

"என்ன செய்யணும், சொல்லுங்க."

"இந்தப் பக்கம் முழுசா. அப்புறம் அந்தப் பக்கம் முழுசா. முடியுமா?"

அவள் திருப்பினாள். குச்சிக் கைகளில் நரம்பு புடைத்தது. பம்பு முனகியது, டப்பாவில் சிவப்பு நுரை பொங்கியது. அவன் ஊற்றினான். அவள் திருப்பினாள். "சாவியப் போடு" என்றான், எஞ்சின் பிடித்தது, முனகல் மெல்லியதாகி, குமிழிகள் பெரிதாகி, சின்னதாகி, ஒன்றிரண்டாகி, ஆயில் அசையாத கண்ணாடி போல நின்றது. அவன் ஜாக்கியை இறக்கினான். டயர்கள் மண்ணில் உட்கார்ந்தன.

"இப்ப ஒரு தடவ திருப்பிப் பாரு. எப்படி இருக்கு?"

அவள் இரண்டு கையாலும் பிடித்து, பலத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு இழுத்தாள். அவ்வளவு பலத்தை எதிர்பார்க்காத ஸ்டியரிங் தண்ணீரில் சுற்றுவது போலச் சுற்றி ஓடியது. அவள் பயந்து கையை எடுத்தாள். பிறகு ஒரு கையை வைத்தாள். பிறகு ஒரு விரலை. அந்த ஒரு விரலுக்கு முன் சக்கரம் இரண்டும் மண்ணைத் தேய்த்துக்கொண்டு இந்தக் கோடிக்குப் போயின, அந்தக் கோடிக்குப் போயின.

"இவ்வளவுதானா, மாமா?" என்றாள்.

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கையில் ஆயில் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

"இவ்வளவுதான்" என்றான்.

அவள் மறுபடியும் விரலால் திருப்பினாள், மறுபடியும். சக்கரத்துக்கடியில் மண் குழிந்துகொண்டே போனது, அவள் முகத்தைத் துடைக்காமல், ஏங்கி ஏங்கி, ஒரு விரலால் அந்த மலையின் முதல் வளைவையும் அடுத்த வளைவையும் அதற்கடுத்த வளைவையும் திருப்பிக்கொண்டே இருந்தாள்.